ஃப்யூஸ் போகாமலே கருகும் வயர்: காரில் எந்த ஜாயிண்டை நம்பலாம்?

55 வாட் பல்பு போட்ட ஒரு ஜோடி ஃபாக் லாம்ப் எரியும்போது அதன் வயரில் 9 முதல் 10 ஆம்பியர் ஓடுகிறது. அந்த வயரின் நடுவே எங்கோ, முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று இருக்கிறது. செம்பில் களிம்பு ஏறி, அந்த இடத்தின் மின்தடை 0.05 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியருக்கு அங்கே அரை வோல்ட் விழும். 5 வாட் வெப்பம் பிறக்கும். 5 வாட் என்பது கேட்பதற்குச் சிறியதுதான். ஆனால் வேர்க்கடலை அளவுள்ள, டேப் சுற்றி மூச்சடைத்த ஓர் இடத்தில் அது மணிக்கணக்கில் பிறந்துகொண்டே இருக்கிறது. டேப் இளகும். பக்கத்து வயரின் பிவிசி உறை குழைந்து கருகும். இத்தனை நடந்தும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் அப்படியே இருக்கும். ஓடும் மின்சாரம் கூடினால்தானே ஃப்யூஸ் போகும்? கெட்டுப்போன ஜாயிண்டில் மின்சாரம் சற்றுக் குறையத்தான் செய்யும்.

அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றும். ஜாயிண்டைக் காப்பாற்ற அதற்கு வழியே கிடையாது. கூடுதல் விளக்கு, ஹாரன், ரிவர்ஸ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர் என்று எதை மாட்டினாலும், பொருளின் தரத்தைப் பார்ப்பதற்கு முன் வயரை எப்படி இணைக்கப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டியது இதனால்தான்.

வீட்டு வயரிங்கில் கைபழகியவர்கள் காரில் தவறுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வீட்டில் வயர் பைப்புக்குள் அசையாமல் கிடக்கிறது. காரில் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பானெட்டுக்குள் 100 டிகிரியைத் தொடும் இடங்கள் உண்டு. வண்டியை நிறுத்திய இரவில் அதே இடம் குளிர்ந்து ஈரம் கோக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கிறது. ஆகவே காரில் ஒரு ஜாயிண்ட் மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும். உலோகத்தோடு உலோகம் காற்றுப் புகாதபடி ஒட்டி நிற்க வேண்டும். இழுப்பையும் அதிர்வையும் தாங்க வேண்டும். தண்ணீரை உள்ளே விடக் கூடாது. முதல் நாளில் எந்த முறையிலும் மின்சாரம் ஓடிவிடும். முறைகளுக்குள் உள்ள வேற்றுமை நாளாக நாளாகத்தான் தெரியும்.

முறுக்கி டேப் சுற்றுவது ஏன் சாகாமல் இருக்கிறது

புதிதாக முறுக்கிய ஜாயிண்டை அளந்து பார்த்தால் குறையே தெரியாது. செம்பு பளபளக்கிறது, இழைகள் இறுகப் பின்னியிருக்கின்றன, விளக்கு பளிச்சென்று எரிகிறது, வண்டி கடையை விட்டுப் போய்விடுகிறது. கெடுதி மெதுவாக வருகிறது. சுமை ஏறும்போது ஜாயிண்ட் சூடாகி விரிகிறது, அணைத்தால் சுருங்குகிறது. ஒவ்வொரு தடவையும் முறுக்கு ஒரு துளி தளர்கிறது. தளர்ந்த இடைவெளியில் காற்று புகுந்து இழைகளின் மேல் ஆக்ஸைடு படலம் படிகிறது. அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஆகவே சூடு கூடுகிறது. சூடு கூடினால் படலமும் வேகமாக வளர்கிறது.

மேலே சுற்றிய பிவிசி டேப்பும் கைகொடுப்பதில்லை. பானெட்டுச் சூட்டில் அதன் பசை இளகி வழிந்து, நுனி வால்போல் பிரிந்து தொங்கும். தொட்டால் விரலில் கறுப்புப் பிசின் ஒட்டும். அந்த வழியாகப் புகும் தண்ணீர் ஜாயிண்டோடு நிற்காது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே ஏறும். ஒரு சாண் தள்ளி உறையை உரித்துப் பார்த்தாலும் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அப்படிக் கறுத்த வயரில் ஈயமும் பற்றாது, கிரிம்பிங்கும் (உலோக முனைக்குள் வயரை வைத்து நசுக்கி இணைப்பது) பிடிக்காது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போவதுதான் வழி. நீளம் போதாவிட்டால் அதே அளவு வயரில் ஒரு துண்டு சேர்க்கலாம். சுரண்டிச் சுத்தம் செய்து வேலையை முடிப்பதில் பயன் இல்லை. 1.5 சதுர மி.மீ. வயரில் வழக்கமாக 0.25 மி.மீ. தடிமனில் 30 இழைகள் இருக்கும். வெளியே தெரியும் இழைகளைச் சுரண்டலாம், நடுவில் உள்ளவற்றை என்ன செய்வது?

ஈயம் வைத்துப் பற்றவைத்தால்?

பற்றவைத்த ஜாயிண்ட் மின்சாரத்தைக் கடத்துவதில் குறையே இல்லாதது. முறையாகச் செய்தால் காற்றும் புகாது. பல நல்ல எலக்ட்ரீஷியன்கள் இதையே உயர்ந்த முறையாகக் கருதுவது அதனால்தான். அவர்கள் கைத்திறனில் பிழை இல்லை. ஆனால் காரில் அறுந்துபோன ஒரு பற்றவைப்பை எடுத்து உற்றுப் பாருங்கள். ஈயம் வைத்த இடம் அன்று செய்ததுபோலவே மின்னிக்கொண்டிருக்கும். சில மி.மீ. தள்ளி, ஈயம் முடிகிற கோட்டில், இழைகள் வரிசையாக ஒடிந்திருக்கும்.

உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே இழுக்கப்பட்டு உறைக்குள்ளும் சிறிது தூரம் ஓடுகிறது. அது போன தூரம்வரை வயர் ஒரே கம்பியாக விறைத்துவிடுகிறது. அதற்கப்பால் வயர் வழக்கம்போல் வளைகிறது. என்ஜினின் அதிர்வு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து விழுகிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்பது போன்ற காரியம் இது. ஆகவே என்ஜின் மேல், கதவுக் கீல் அருகே, வயர் தொங்கும் இடம் எதிலும் பற்றவைக்கக் கூடாது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் அசையாமல் கட்டப்பட்ட வயரில் பற்றவைப்பதில் தவறில்லை. அங்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் இரண்டு வயர்களையும் ஒன்றையொன்று கொக்கி போலப் பின்னி, இரு பக்கமும் நான்கைந்து சுற்று இறுகச் சுற்ற வேண்டும். தந்திக் கம்பிக் காலத்திலிருந்து வரும் முறை இது. ஈயத்தின் வேலை அந்தப் பிடிப்பை மூடுவது மட்டுமே, இழுப்பைத் தாங்குவது அதன் வேலை இல்லை. 60/40 வெள்ளீய-ஈயக் கம்பி 183 முதல் 190 டிகிரிக்குள் உருகிவிடும். பற்றவைக்கும் இரும்பின் (சோல்டரிங் அயர்ன்) நுனி 350 டிகிரி அளவில் இருந்தால் இரண்டு மூன்று வினாடியில் வேலை முடியும். இரும்பால் வயரைச் சூடாக்கி, ஈயத்தை வயரின் மேல் வைக்க வேண்டும். இரும்பின் மேல் உருக்கி வயரில் சொட்டவிட்டால் அது மேலே உட்காருமே தவிர உள்ளே பற்றாது. 25 வாட் இரும்பை வைத்துக்கொண்டு 2.5 சதுர மி.மீ. வயரோடு போராடினால், செம்பு சூடேறுவதற்குள் உறை உருகி ஓடிவிடும். அதற்கு 60 வாட் இரும்பு வேண்டும்.

ஃபிளக்ஸ், அதாவது ஈயம் பற்ற உதவும் பொருள் விஷயத்தில் கறாராக இருங்கள். கம்பிக்குள்ளேயே ரோசின் என்ற மரப்பிசின் வைத்த ஈயம் போதும். பாத்திரம் பற்றவைக்கும், தகர வேலை செய்யும் அமிலப் பேஸ்டின் எச்சம், ஜாயிண்டை மூடும் ஸ்லீவுக்குள் (சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டிக்கொண்டு செம்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

இன்னொரு பழக்கம் பரவலாக இருக்கிறது. வயர் நுனிக்கு ஈயம் பூசி, அதன் பிறகு ஸ்குரூவில் இறுக்குவது அல்லது லக்கில் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து நசுக்குவது. ஈயம் மெத்தென்ற உலோகம். அழுத்தம் இருந்துகொண்டே இருந்தால் அது நாளாவட்டத்தில் ஒதுங்கி வழிவிடும். இறுக்கிய ஸ்குரூ தானாகத் தளரும். விண்வெளிக் கருவிகளின் வயரிங்குக்கான நாசாவின் பணித்தர விதிகள், ஈயம் பூசிய இழை வயரைக் கிரிம்ப் செய்வதையே தடைசெய்கின்றன. கிரிம்ப் செய்தபின் "கூடுதல் பலத்துக்கு" ஈயம் வைப்பதும் வேண்டாம். நல்ல கிரிம்பிங்குக்கு அது தேவைப்படாது. கெட்ட கிரிம்பிங்கை அது மறைத்துவிடும். விறைப்பு மட்டும் நிச்சயமாக வந்து சேரும்.

நசுக்கினால் எப்படி நிற்கிறது

கம்பெனியிலிருந்து காரோடு வரும் வயரிங் செட்டைப் பிரித்துப் பார்த்தால் கப்ளர்களுக்குள் (செருகிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்புகள்) இருக்கும் டெர்மினல், அதாவது வயரின் உலோக முனை எல்லாம் கிரிம்ப் செய்தவைதான். வயரின் நடுவே ஒன்று இரண்டாகப் பிரியும் இடங்களில் மீயொலி (அல்ட்ராசோனிக்) வெல்டிங் இருக்கும், அல்லது சிறிய உலோகப் பட்டையால் கிரிம்ப் செய்து பசை ஸ்லீவ் போட்டிருப்பார்கள். இந்தத் தொழில்நுட்பம் விமானங்களோடும் கப்பல்களோடும் வளர்ந்தது. 1941இல் அமெரிக்காவில் தொடங்கி, பின்னாளில் ஏஎம்பி என்று பெயர்பெற்ற நிறுவனம், விமானத்துக்கும் கப்பலுக்கும் பற்றவைக்கத் தேவையில்லாத டெர்மினல்களைச் செய்துதான் வளர்ந்தது. அதிர்வு மிகுந்த இடத்துக்கென்றே பிறந்த முறை இது.

சரியான அளவு டெர்மினலைச் சரியான அச்சில் வைத்து அழுத்தும்போது, உருண்டையாக இருந்த இழைகள் ஒன்றோடொன்று நெரிந்து, குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேனடைபோல் பக்கங்கள் ஒட்டிய வடிவுக்கு வந்துவிடுகின்றன. நடுவே காற்று இல்லை. அந்த அழுத்தத்தில் மேற்பரப்பிலிருந்த படலம் கிழிந்து, வெறும் செம்பு வெள்ளீய முலாம் பூசிய டெர்மினலோடு நேராக ஒட்டுகிறது. டெர்மினலின் உலோகம் திரும்பி விரியப் பார்க்காமல் இழைகளைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றே புகாத இடத்தில் களிம்பும் பிறக்காது. வயரின் வளையும் தன்மையும் டெர்மினலின் வாயில்வரை கெடாமல் இருக்கிறது.

இவ்வளவும் கருவியைப் பொறுத்தது. சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கினால் டெர்மினல் தட்டையாகும், இழைகள் பக்கவாட்டில் ஒதுங்கும், நடுவே இடைவெளி அப்படியே நிற்கும். அது கிரிம்பிங் இல்லை. ராட்செட் வைத்த கிரிம்பிங் பிளையர் முழு அழுத்தம் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். கை சோர்ந்து பாதியில் விட முடியாது. இரண்டு வகை அச்சுகள் தேவைப்படும். நிற உறையோடு வரும் மூடிய லக்குகளுக்கு முட்டை வடிவ அச்சு. காது மடக்கும் திறந்த டெர்மினல்களுக்கு, ஆங்கில பி எழுத்தைக் கவிழ்த்ததுபோல இரு காதுகளையும் உள்பக்கம் சுருட்டும் அச்சு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் போட்டால் இரண்டும் கெடும்.

நிற லக்குகளின் கணக்கு சுலபம்: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. கையில் இருப்பது மஞ்சள் மட்டும்தான் என்று 1 சதுர மி.மீ. வயரை அதற்குள் விட்டு நசுக்குவதும், சிவப்புக்குள் நுழையாத வயரில் நாலு இழையை நறுக்கிவிட்டு நுழைப்பதும் ஒரே அளவு தவறு. உரிக்கும்போது பிளேடு பட்டு இழை அறுந்தாலும் அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். உரிக்க வேண்டிய நீளம் குழலின் நீளம்தான். சிறிய லக்குகளில் 6 முதல் 8 மி.மீ. வரும்.

காது மடக்கும் டெர்மினலில் பார்த்தே தரம் சொல்லிவிடலாம். முன் காதுகள் செம்பைப் பிடிக்க வேண்டும், பின் காதுகள் உறையைப் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் இடையிலுள்ள சன்னலில் செம்பும் தெரிய வேண்டும் உறையும் தெரிய வேண்டும். செம்பின் நுனி முன்பக்கம் அரை முதல் ஒரு மி.மீ. எட்டிப் பார்க்க வேண்டும். ஒற்றை இழைகூட வெளியே துருத்தக் கூடாது. முன் காதுகளுக்குள் உறை நுழைந்திருந்தால் விளக்கு இன்றைக்கு எரியும். ஆனால் அந்தக் கிரிம்ப் செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது.

பிறகு இழுத்துப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. வயரில் நல்ல கிரிம்ப் ஏறக்குறைய 15 கிலோ எடையைத் தாங்கும், 0.75க்கு 8 கிலோ. கையால் திடமாக இழுக்கும்போது நழுவி வருகிற எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது. நழுவினால் மறுபடி நசுக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய லக்கில் செய்யுங்கள். அதிகம் நசுக்கினாலும் ஆபத்துதான். இழைகள் பாதி அறுபட்டு, இழுத்தால் டெர்மினலின் வாயிலேயே ஒடியும்.

கருவி சரி, அளவு சரி, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் வயரையே சந்தேகியுங்கள். மலிவு விலையில் செம்பு நிறத்தில் விற்கும் வயர்களில் சில, அலுமினிய இழைக்குச் செம்பு மேல்பூச்சு கொடுத்தவை. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அழுத்திய இடத்தில் அலுமினியம் நாளடைவில் தளர்ந்து கொடுக்கும். ஈரம் பட்டால் வேகமாக அரிக்கும். காருக்குள் அது வேண்டவே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் குறுக்கு வழிகள்

வயரை வெட்டாமல், உரிக்காமல், மேலே கவ்வி அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொடும் கிளிப்புகளை எல்லா ஆக்சஸரிஸ் கடைகளிலும் பார்க்கலாம். ரிவர்ஸ் கேமராவும் டிராக்கரும் பெரும்பாலும் இதில்தான் மாட்டப்படுகின்றன. தகட்டின் பிளவு வயரின் அளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தினால்தான் இது வேலை செய்யும். சற்றுச் சிறியதானால் இழைகளை அறுக்கும், பெரியதானால் தொட்டும் தொடாமலும் நிற்கும். கிழித்த உறை திறந்தே இருப்பதால் ஈரம் நேராக, வண்டியின் ஒரிஜினல் வயருக்குள்ளேயே இறங்குகிறது. புதிதாக மாட்டியது கெடுவதோடு பழையதும் கெடுகிறது என்பதுதான் இதில் பெரிய நஷ்டம்.

வீட்டு வயரிங்கின் பிளாஸ்டிக் கனெக்டர் ஸ்ட்ரிப்பை அதிர்வு தளர்த்திவிடும்; அதன் ஸ்குரூ நுனி மெல்லிய இழைகளை நறுக்கும். நெம்புகோல் வைத்த ஸ்பிரிங் கனெக்டர்கள் நல்ல பொருள்தான், ஆனால் அவை கட்டடத்தின் ஜங்ஷன் பாக்ஸுக்காகச் செய்யப்பட்டவை. தண்ணீர் தடுப்பு இல்லை. சோதித்துப் பார்க்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடுவே ஈய வளையமும் இருபுறமும் பசை வளையமும் வைத்த ஒளி ஊடுருவும் ஸ்லீவ்களும் இப்போது நிறைய விற்கின்றன. வெப்பக் காற்று காட்டினால் தானே பற்றவைத்து மூடிக்கொள்ளும் என்பது விளம்பரம். இவற்றில் பலவற்றின் ஈயம் வெள்ளீய-பிஸ்மத் கலவை, 138 டிகிரியிலேயே உருகுவது. வெளியே வளையம் உருகியது தெரியும்போதும் உள்ளே செம்பு அந்தச் சூட்டை எட்டாமல் இருக்கலாம். அப்போது ஈயம் மேலே சூழ்ந்து உறைந்திருக்கும், இழைகளுக்குள் பற்றியிருக்காது. டேஷ்போர்டுக்குள் ஒரு ஆம்பியருக்குக் கீழ் ஓடும் வயருக்கு ஏற்றுக்கொள்ளலாம். விளக்குக்கும் ஹாரனுக்கும் வேண்டாம்.

மூடுவது பாதி வேலை

பானெட்டுக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் உட்சுவரில் பசை தடவிய இரட்டைச் சுவர் ஸ்லீவ் மட்டுமே. சாதாரண ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் சுருங்கி இறுகும், ஆனால் தண்ணீரைத் தடுக்காது. மூன்றுக்கு ஒன்றாகச் சுருங்கும் ரகத்தை வாங்கினால் ஜாயிண்டின் தடித்த நடுப்பகுதியையும் மெலிந்த வயரையும் சேர்த்தே பிடிக்கும். ஜாயிண்டின் இரு பக்கமும் உறையின் மேல் 15 மி.மீ. ஏற வேண்டும். வயரை இணைப்பதற்கு முன்பே ஸ்லீவை உள்ளே நுழைத்து, சூடு படாத தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். இணைத்தபின் நினைவு வந்தால் வெட்டித்தான் நுழைக்க வேண்டும். ஹாட் ஏர் கன்னை நடுவில் தொடங்கி ஓரங்களுக்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். இரண்டு வாயிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். அது வராத வரை மூடியதாக அர்த்தம் இல்லை. லைட்டர் தீயைக் காட்டினால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பசை உருகவே உருகாது.

ஒரு கற்றையில் ஐந்தாறு வயர்களை இணைக்க நேர்ந்தால் எல்லா ஜாயிண்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒவ்வொன்றையும் 3, 4 செ.மீ. தள்ளித் தள்ளி வைக்கவும். கற்றை தடிக்காது, ஏதாவது ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் வெறும் செம்பும் வெறும் செம்பும் எதிரெதிரே வராது. ஜாயிண்டின் இரு பக்கமும் 5 செ.மீ.க்குள் கற்றையைக் கட்டி நிறுத்துங்கள். வயர் தாழ்ந்து தண்ணீர் வடிந்து சேரும் வளைவின் அடியில் ஜாயிண்ட் வரக் கூடாது. கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளும் ஒருபோதும் வரக் கூடாது. அங்கே வயர் ஒடிந்திருந்தால் உடைந்த இடத்தில் ஒட்டுப்போடாமல், ரப்பரின் இரு பக்கமும் தாண்டி ஒரே துண்டாகப் புது வயர் இழுத்து, கதவுக்குள் ஒரு ஜாயிண்டும் காருக்குள் ஒரு ஜாயிண்டுமாக வைப்பதே நிற்கும்.

ஃபாக் லாம்ப் ஜோடி ஒன்று: எத்தனை ஜாயிண்டைத் தவிர்க்கலாம்

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் ஹோல்டருக்கும் அங்கிருந்து ரிலேவுக்கும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) 2.5 சதுர மி.மீ. வயர், சுமார் 1 மீட்டர். ரிலேவிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் 1.5 சதுர மி.மீ., 2 மீட்டர் என்று கொள்வோம். இந்த வயர் நீளம் முழுவதிலும் சேர்த்து விழும் வோல்ட் 0.2ஐக்கூட எட்டாது. முதலில் பார்த்த அந்த ஒற்றைக் கெட்ட ஜாயிண்ட் தனியாக அரை வோல்ட் விழுங்குகிறது. ஹாலஜன் பல்பில் அரை வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு போய்விடும். தடித்த வயர் வாங்கியும் வெளிச்சம் போதவில்லை என்பவர்கள் முதலில் தேட வேண்டிய இடம் ஜாயிண்ட்தான்.

வழக்கமாக இந்த வேலையில் வயரின் நடுவே இரண்டு ஒட்டுகள் விழும். ரிலேவிலிருந்து வரும் வயர் இரு விளக்குகளுக்கும் பிரியும் இடம் ஒன்று; ஸ்விட்சுக்கு மின்சாரம் எடுக்கும் இடம் மற்றொன்று. இரண்டையும் இல்லாமல் செய்ய முடியும். ரிலேவில் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பின்னின் எண் 87. அந்த எண் இரண்டு பின்களில் உள்ள ரிலே கிடைக்கிறது. விளக்குக்கு ஒரு பின் என்று தனித்தனி வயர் இழுத்துவிடலாம். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் 87ஏ பின் உள்ள ரிலேவை மாற்றி வாங்கிவிடாதீர்கள். அந்தப் பின் ரிலே அணைந்திருக்கும்போது மின்சாரம் கொடுக்கும், ஸ்விட்ச் போடாமலே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரே 87தான் இருக்கிறது என்றால், இரண்டு 1.5 வயர்களையும் ஒன்றாக வைத்து, மொத்தம் 3 சதுர மி.மீ.யை ஏற்கும் 6.3 மி.மீ. டெர்மினலில் சேர்த்து கிரிம்ப் செய்யலாம்.

ஸ்விட்ச் பக்கம் ரிலே காயிலுக்குத் தேவைப்படுவது 0.15 ஆம்பியர் அளவுதான். அதற்காக வண்டியின் வயரைக் கிழிக்க வேண்டாம். ஃப்யூஸ் பாக்ஸில் இருக்கும் ஒரு ஃப்யூஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் செருகும் இரட்டை ஃப்யூஸ் ஹோல்டர் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பழைய ஃப்யூஸ் ஒரு இடத்தில், புதிய 3 ஆம்பியர் ஃப்யூஸ் மேல் இடத்தில். இதைச் செருகும் திசை முக்கியம். ஃப்யூஸை எடுத்தபின் டெஸ்ட் லாம்ப் எந்தப் பக்கத் துளையில் எரிகிறதோ, அந்தப் பக்கம் ஹோல்டரின் பொதுக்கால், அதாவது இரண்டு ஃப்யூஸுக்கும் சேர்ந்த கால் வர வேண்டும். திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் புதிய சுமையும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். பிரதான 15 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

விளக்குப் பக்கம் ரப்பர் சீல் வைத்த இரண்டு பின் கப்ளர் போடுங்கள். 1.5 மி.மீ. பின் கொண்ட சூப்பர்சீல் வகை 14 ஆம்பியர் வரை தாங்கும். ஒரு விளக்குக்கு 5 ஆம்பியர்கூட ஓடாது. பம்பர் கழற்ற நேரும்போது வயரை வெட்டும் வேலையும் மிச்சம்.

எர்த், அதாவது வயரை வண்டியின் பாடியோடு சேர்க்கும் இடமும் ஒரு ஜாயிண்ட்தான், பெரும்பாலும் மறந்துபோகிற ஜாயிண்ட். போன மின்சாரம் அத்தனையும் அதன் வழியாகவே திரும்ப வேண்டும். வளைய லக், பெயிண்ட் சுரண்டிய வெறும் உலோகம், பல் வாஷர், போல்ட். இறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி. தானே மரை வெட்டி இறங்கும் ஸ்குரூவை மெல்லிய தகட்டில் திருகிவிட்டால் பெயிண்டின் விளிம்பில் துரு தொடங்கி, ஒரு மழைக்காலத்தில் எர்த் போய்விடும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், பெரும்பாலும் அந்த மூலையின் எர்த் தளர்ந்து, மின்சாரம் வேறு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

மஞ்சள் ஸ்லீவோ மஞ்சள் கப்ளரோ உள்ள வயர் பெரும்பாலான கார்களில் ஏர்பேக்குடையது. அதை உரிக்கவும் கூடாது, டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்தவும் கூடாது. ஒன்றோடொன்று முறுக்கி வரும் மெல்லிய ஜோடி வயர்கள் கம்ப்யூட்டர் யூனிட்டுகளின் தகவல் கம்பிகளாகவோ சென்சார் கம்பிகளாகவோ இருக்கும். அவற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முயல வேண்டாம். ஸ்டார்ட்டர் கேபிளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. அதன் லக்கைச் சுத்தியலால் தட்டியோ ஈயம் ஊற்றியோ மாட்டாமல், ஹைட்ராலிக் பிரஸ் உள்ள கடையில் அறுகோண அச்சில் அழுத்தி வாங்குவதுதான் சரி.

செய்ததைச் சோதிப்பது

மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துப் பார்ப்பது இங்கே எதையும் சொல்லாது. 30 இழையில் 29 அறுந்து ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் கேட்கும். ஓம் அளவும் உதவாது. மீட்டர் கம்பிகளின் தடையே நாம் தேடுவதைவிடப் பெரியது. சுமையோடு அளக்க வேண்டும். ஸ்லீவ் போடுவதற்கு முன், ஜாயிண்ட் நடுவில் வரும்படி 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய ஊசிகளை வயரில் குத்தி, விளக்கை எரியவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு அதே வயரில் ஜாயிண்டே இல்லாத 10 செ.மீ.யில் அதையே அளந்து பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செம்பில் 10 ஆம்பியருக்கு 10 செ.மீ. நீளத்தில் சுமார் 12 மில்லிவோல்ட் விழும். 5 ஆம்பியருக்கு அதில் பாதி. ஜாயிண்ட் உள்ள பகுதியும் ஏறக்குறைய அதே அளவு காட்டினால் அந்த ஜாயிண்ட் வயரோடு வயராக ஆகிவிட்டது. இரண்டு மூன்று மடங்கு காட்டினால் வெட்டிவிடுங்கள். ஊசி குத்திய துளைகளைப் பசை ஸ்லீவ் மூடாவிட்டால் தனியாக மூடுங்கள், வெளியே இருக்கும் வயரில் அந்தத் துளையே தண்ணீருக்குப் போதும்.

ஒரு மாதம் ஓடியபின் விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்து, விளக்கையும் சூடான என்ஜின் பாகங்களையும் தொடாமல், ஒவ்வொரு ஜாயிண்டையும் அதன் இரு பக்க வயரையும் புறங்கை விரலால் தொட்டுப் பாருங்கள். ஜாயிண்டும் வயரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஜாயிண்ட் மட்டும் தனித்துச் சுட்டால், ஸ்லீவைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. இரு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்துவிடுங்கள்.